பைப்பு பவுலரும் பிசியோ ரூமும்

புதுசா சி.பி.ன்னு ரிப்போர்ட் கையில வாங்கிட்டு அடுத்து என்ன பண்றதுன்னு தெரியாம உக்காந்திருக்கிற அம்மா அப்பாக்களுக்காகத்தான் முக்கியமா இத எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க. எங்க சின்னவனுக்கு இப்ப பத்து வயசு. சி.பி. அதாவது செரிப்ரல் பால்சி, மூளையில வந்த பாதிப்பால உடம்பு அசைவு சிரமமாகுறது, கவர்மெண்ட் ஃபார்ம்ல மூளை முடக்குவாதம்னு போட்டிருக்கும். ஏழாம் மாசமே பொறந்தவன். ரெண்டு காலும் நல்ல இறுக்கம், தூக்கி நிறுத்துனா கத்திரி மாதிரி பின்னிக்கும். வலது கை பரவால்ல, இடது கை எப்பவும் மூடியேதான் இருக்கும். பேச்சு மெதுவா வரும் ஆனா வரும், கேக்குறவங்கதான் கொஞ்சம் நின்னு கேக்கணும். லெவல் 4ன்னு போட்டிருக்காங்க, அது என்னன்னு பின்னாடி சொல்றேன்.

எங்க போனாலும் எங்களுக்கு ஒரே கேள்விதான். கல்யாண வீடு, பஸ் ஸ்டாண்டு, கோயில், ஆஸ்பத்திரி லிஃப்ட், எங்கயும். "எப்பம்மா நடப்பான்?" அக்கறையிலதான் கேக்குறாங்க, அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா அந்தக் கேள்விக்குப் பின்னாடியே இன்னொண்ணு ஒட்டிக்கிட்டு வரும். ஸ்கூலா, முதல்ல நடக்கட்டும். டூரா, முதல்ல நடக்கட்டும். தெருவுல பசங்களோட விளையாடணுமா, விழுந்து கிழுந்து வச்சா என்ன பண்றது, முதல்ல நடக்கட்டும் அப்புறம் பாத்துக்கலாம். இப்படி ஒவ்வொண்ணா தள்ளி வச்சு தள்ளி வச்சு கடைசியில பிள்ளைக்கு வீடும் தெரபி ரூமும் மட்டுந்தான் மிஞ்சுது. நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான், நடக்கட்டும்னு எதையும் காக்க வைக்காதீங்க. பிள்ளை எல்லாத்துலயும் இப்பவே சேந்துக்கணும், உடம்பு கத்துக்கிறதுக்கும் அதவிட நல்ல இடம் வேற இல்ல.

இது வெறும் அம்மா மனசு பேசுறதுன்னு நினைக்காதீங்க, பல வருஷமா ஆராய்ச்சி பண்றவங்களும் இங்கதான் வந்து நிக்குறாங்க.

கனடாவுல ஹாமில்டன்ல மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டியில கேன்சைல்ட்னு ஒரு ஆராய்ச்சி மையம் இருக்கு. அங்க ராபர்ட் பாலிசானோ, பீட்டர் ரோசன்பாம் இவங்கல்லாம் சேந்து 1997ல பிள்ளையால எவ்வளவு அசைய முடியுதுன்னு பாத்து அஞ்சு லெவலா பிரிக்கிற முறை கொண்டு வந்தாங்க, ஜிஎம்எஃப்சிஎஸ்னு சொல்வாங்க, உங்க பிசியோ ஃபைல்ல கண்டிப்பா எழுதியிருப்பாங்க, இல்லேன்னா கேட்டு வாங்கிக்கங்க. லெவல் 1 பிள்ளைங்க நடப்பாங்க ஓடுவாங்க, வேகமும் பேலன்ஸும் கொஞ்சம் கம்மியா இருக்கும், அவ்வளவுதான். 2ல நடப்பாங்க, படிக்கட்டுல கைப்பிடி வேணும், ரொம்ப தூரம்னா கஷ்டம். 3ல வாக்கரோ குச்சியோ பிடிச்சு நடப்பாங்க, வெளிய தூரமாப் போகணும்னா வீல்சேர். எங்க பையன் மாதிரி 4ல உக்காரவே சப்போர்ட் வேணும், போக்குவரத்து பெரும்பாலும் வீல்சேர்தான். 5ல தலையையும் உடம்பையும் நிமித்தி வைக்கிறதே சிரமம். ரெண்டு வயசுக்கு மேல போடுற லெவல் நிறைய பிள்ளைங்களுக்கு அப்புறம் மாறுறதில்ல.

அதே குழு 2002ல ஒண்டாரியோவுல 657 பிள்ளைங்கள தொடர்ந்து அளந்து பாத்து ஒரு கிராஃப் போட்டாங்க. உருளுறது, உக்காருறது, தவழுறது, நிக்கிறது, நடக்குறது, இந்த மாதிரி அடிப்படை அசைவு எல்லாத்துக்கும் மார்க் போட்டு எந்த வயசுல எவ்வளவு ஏறுதுன்னு பாத்தாங்க. வந்த விஷயம் என்னன்னா, ஒவ்வொரு லெவல் பிள்ளையும் தன்னால எட்ட முடியுறதுல 90 சதவீதத்த ரொம்பச் சின்ன வயசுலயே எட்டிருது. சராசரியா லெவல் 1ல 4.8 வயசு, 2ல 4.4, 3ல 3.7, 4ல 3.5, 5ல 2.7. அதுக்கப்புறம் கோடு படுத்துருது.

இத முதமுதல்ல கேக்குறப்ப நெஞ்ச அடைக்கும். எனக்கும் அடைச்சுச்சு, எங்க பிசியோ மேடம் பொறுமையா உக்காந்து வரைஞ்சு காட்டுனாங்க. ரெண்டு விஷயத்த அவங்க அழுத்திச் சொன்னாங்க. ஒண்ணு, இது சராசரி, உங்க பிள்ளையோட கோடு மேலயும் போகும் கீழயும் போகும். ரெண்டாவது, அந்த மார்க்ல வர்றது உருளுறதும் உக்காருறதும் நடக்குறதும் மாதிரியான சமாச்சாரம் மட்டுந்தான். தட்டுல இருந்து தானே எடுத்துத் திங்கிறது, ஃப்ரெண்டு கூட சண்டை போடுறது, கடையில காசு குடுத்து மிச்சம் வாங்குறது, இதுக்கெல்லாம் அதுல மார்க் கிடையாது, அந்தக் கோடும் கிடையாது. அது பத்து வயசுலயும் ஏறும், முப்பது வயசுலயும் ஏறும். அப்ப யோசிச்சுப் பாருங்க, லெவல் 4 பிள்ளைக்கு நடக்கட்டும்னு காத்திருந்தா அந்தக் காத்திருப்புக்கு முடிவே கிடையாது. அதுக்குள்ள ஸ்கூல் வயசு போயிரும், தெருப் பசங்க எல்லாம் வளந்து வேற ஜோலிக்குப் போயிருவாங்க.

உலக சுகாதார நிறுவனம் 2001ல ஒரு வகைப்பாடு கொண்டு வந்துச்சு, அதுல உடம்புல என்ன குறைன்னு மட்டும் எழுதாம, பிள்ளை என்ன செய்யுது, வாழ்க்கையில எதுல எல்லாம் பங்கு எடுத்துக்குது, சுத்தி இருக்கிற இடமும் ஆளுங்களும் அதுக்கு உதவியா இடைஞ்சலா, இதையும் சேத்துப் பாக்கணும்னு வச்சாங்க. அப்புறம் ஆஸ்திரேலியாவுல கிறிஸ்டின் இம்ஸ் கூட இருக்கிறவங்க இந்த பங்கு எடுக்குறதையே ரெண்டாப் பிரிச்சாங்க, ஒண்ணு அங்க போய் இருக்குறது, இன்னொண்ணு அங்க இருக்கும்போது மனசு அதுல ஊறிக் கிடக்குறது. ரெண்டும் வேற வேறங்கிறாங்க. எங்க தெரு கிரிக்கெட்ட பாத்தா இது யாருக்கும் விளங்கிரும்.

எங்க வீட்டுக்கு முன்னாடி சந்து, முட்டுச் சந்து, அதனால வண்டி தொந்தரவு இல்ல. சாயங்காலம் அஞ்சு மணியானா பசங்க கரண்டு கம்பத்துல கரியால ஸ்டம்ப் வரைஞ்சு ஆரம்பிச்சிருவாங்க. இவன் அக்காதான் இவன முதல்ல வெளிய தள்ளிட்டுப் போனா. "எங்க தம்பியையும் சேத்துக்கங்கடா"ன்னு சொல்லவும் பசங்களும் பாவம் மாட்டேன்னு சொல்லல, ஒப்புக்குச் சப்பாணியா சேத்துக்கிட்டாங்க. நம்ம எல்லாருக்கும் தெரியுமே, சின்னப் பிள்ளைங்கள அப்படித்தானே வைப்போம், அவுட்டும் கணக்கில்ல ரன்னும் கணக்கில்ல. வீல்சேர வேப்பமரத்து நிழல்ல நிறுத்தி மடியில ஒரு பால குடுத்து "நீதான்டா அம்பயர்"னு சொல்லிட்டாங்க. ஆனா இவன் அவுட்னு கைய தூக்கி முடிக்குறதுக்குள்ள அடுத்த பாலே போட்டிருப்பாங்க. ஒரு வாரம் பாத்தான் அப்புறம் போக மாட்டேன்னுட்டான். போய் இருந்தான், ஆனா ஆட்டத்துல இல்ல.

மாத்துனது யார்னா அந்தப் பசங்களேதான், நான் ஒண்ணும் பண்ணல. பக்கத்துல வீடு கட்டிக்கிட்டிருந்தாங்க, அங்க மிச்சம் கிடந்த நாலு இன்ச் பிவிசி பைப்பை மேஸ்திரிகிட்ட கேட்டு நெட்டுவாக்குல ரெண்டா அறுத்து வாங்கிட்டு வந்துட்டாங்க. ஒரு முனைய சின்னவன் மடியில ட்ரே மேல வச்சு, கீழ் முனைய தரையில பிட்சு பக்கமா விட்டா சறுக்கு மாதிரி ஆகிருச்சு. மேல இருந்து வலது கையால பால தள்ளி விட்டா உருண்டு நேரா ஸ்டம்புக்குப் போகுது. முதல் நாள் எல்லாம் வைடு. ரெண்டாவது நாளும் வைடு. அதுக்கப்புறம்தான் ஒரு சண்டை வந்துச்சு, அதத்தான் நான் முக்கியமா சொல்லணும்.

பைப்ப பிடிச்சுக்கிட்டிருந்த பையன் தானே ஸ்டம்ப பாத்து நேரா வச்சிட்டான், பால் போல்டு ஆகிருச்சு. எதிர் டீம் ஒத்துக்கல. "டேய் இது அவன் போட்டதில்லடா, நீ போட்டது, நீ குறி பாத்து வச்ச"ன்னு ஒரே கத்தல். கத்தி முடிச்சு அவங்களே ஒரு ரூல் போட்டாங்க, பைப் பிடிக்கிறவன் ஸ்டம்ப பாக்கக் கூடாது, திரும்பி நின்னுக்கணும், சின்னவன் 'லெஃப்ட்டு' 'இன்னும்' 'போதும்'னு சொல்றத மட்டும் வச்சுத்தான் நகத்தணும். அதோட பைப் பால் தரையோட வர்றதால அடிக்க கஷ்டமா இருக்குன்னு எதிர் டீம் ஒண்ணு கேட்டுச்சு, சரி சின்னவன் ஓவர்ல நோ பால் போட்டா ரெண்டு ரன்னுன்னு முடிவாச்சு. அன்னிக்குத்தான் அவன் ஆட்டத்துக்குள்ள வந்தான்னு நான் சொல்வேன். அவன் போட்ட பால் தப்பாப் போனா அவன் டீம் அவனத் திட்டுச்சு, அப்படி ஒரு திட்டு வாங்குனதுக்கு என்னா சிரிப்புங்கிறீங்க.

போச்சியான்னு (boccia) ஒரு விளையாட்டு இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்களோ என்னவோ. கடுமையான சி.பி. உள்ளவங்களுக்குன்னே வந்த விளையாட்டு, 1984ல இருந்து பாராலிம்பிக்ஸ்ல இருக்கு. வெள்ளைப் பந்து ஒண்ணு, அதுக்குப் பக்கத்துல யார் சிவப்பு இல்ல நீலப் பந்த நிறுத்துறாங்கன்னு போட்டி. கையால எறிய முடியாதவங்க ராம்ப் வச்சு உருட்டி விடுவாங்க, பிசி3ன்னு அது ஒரு பிரிவு. அங்க ராம்ப நகத்துற உதவியாளர் கோர்ட்டுக்கு முதுகு காட்டித்தான் இருக்கணும், திரும்பிப் பாக்கக் கூடாது, ஆடுறவர் சொல்றத மட்டுந்தான் செய்யணும். எங்க சந்துல அஞ்சாங்கிளாஸ் பசங்க சண்டை போட்டு கண்டுபிடிச்ச அதே ரூலு. எனக்கு இத டிவியில பாத்தப்ப புல்லரிச்சுப் போச்சு.

இப்ப உடம்பு பக்கம் வர்றேன். பைப்புல போடணும்னா முதல்ல தலைய நிமித்தணும், ஸ்டம்ப் வரைக்கும் பாக்கணும். பால வலது கையால எடுத்து விரல விரிச்சு விடணும், விரல விரிக்கிறதுதான் இவனுக்குப் பெரிய பாடு. பால் போனதும் விழுந்துச்சா இல்லையான்னு பாக்க உடம்ப முன்னுக்கு சாய்ச்சு திரும்ப தானே பின்னுக்கு வரணும். இதையேதான் தெரபி ரூம்ல கோன அடுக்குறதுலயும் வளையம் மாட்டுறதுலயும் செய்ய வைக்கிறாங்க, அங்க பத்து தடவைக்கு மேல போனா முகத்த திருப்பிக்குவான். சந்துல இருட்டுற வரைக்கும் போடுவான். வந்து உக்காந்தா சட்டை எல்லாம் வேர்வை. கிரிக்கெட்டாலதான் அவன் உக்காருறது தேறுச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், தெரபியும் கூடவே நடந்துக்கிட்டுதான் இருக்கு. ஆனா பிள்ளை தானா, தனக்கு வேணும்கிறதுக்காக, திரும்பத் திரும்ப செய்யுறதுதான் மூளைக்குப் பதியுதுங்கிறத நான் கண்ணால பாத்துட்டேன்.

இதையும் ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. ஆஸ்திரேலியாவுல அயோனா நோவாக்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவங்க குழு சி.பி.க்கு இருக்கிற எல்லா தெரபியையும் எடுத்து எதுக்கு ஆதாரம் இருக்கு எதுக்கு இல்லன்னு 2013லயும் 2020லயும் தொகுத்துப் போட்டாங்க. டிராஃபிக் சிக்னல் மாதிரி பச்சை மஞ்சள் சிவப்புன்னு பிரிச்சிருப்பாங்க. பச்சையில வந்ததெல்லாம் பாத்தீங்கன்னா பிள்ளை தானே அசையுறது, ஒரு நிஜ வேலைய குறி வச்சு பழகுறது, நிறைய தடவை செய்யுறது, வீட்டுலயே பெத்தவங்க மூலமா நடக்குறது, இந்த வகைதான். பிள்ளைய படுக்க வச்சு பெரியவங்க கைய கால நீவி நீட்டி மடக்குறது மட்டும் தனியா பெருசா எதையும் மாத்துறதில்லன்னு வந்திருக்கு. அதுக்காக எங்க அப்பத்தா எண்ணெய் தேச்சு விடுறத நான் நிறுத்தச் சொல்லல, பேரனுக்கும் அது பிடிக்கும், அவங்களுக்கும் பிடிக்கும், பழைய கதையெல்லாம் அந்த நேரத்துலதான் ஓடும். ஆனா அதுதான் தெரபின்னு அதோட நிறுத்திறக் கூடாது.

கனடாவுல இன்னொண்ணு பண்ணாங்க, மேரி லாவும் ஜோஹன்னா டாராவும், 2011ல வந்துச்சு. சி.பி. உள்ள 128 சின்னப் பிள்ளைங்க, ஒரு வயசுல இருந்து ஆறு வயசுக்குள்ள. ஒரு பகுதிப் பிள்ளைங்களுக்கு வழக்கமான தெரபி, அதாவது இறுக்கம் குறைக்கிறது பலம் ஏத்துறதுன்னு பிள்ளையோட உடம்ப சரி பண்றது. மீதிப் பேருக்கு பிள்ளைய மாத்தப் போகல, வேலையையும் இடத்தையும் மாத்துனாங்க, ஸ்பூனு கைப்பிடிய தடிமனாக்குறது, சேர் உயரத்த மாத்துறது, பொம்மை வைக்கிற இடத்த மாத்துறது இந்த மாதிரி. ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் ஒரே அளவு முன்னேற்றம். அசைவு மார்க்ல கூட வித்தியாசம் இல்ல. நினைச்சுப் பாருங்க, உடம்ப தொடாமலே சுத்துப்புறத்த மாத்துனதுக்கும் அதே பலன் வந்திருக்கு. அறுத்த பைப்பும் அந்த வகைதானே.

வீட்டுக்குள்ளயும் இப்படி நிறைய இருக்கு. அப்பத்தா கடலை உடைக்க உக்காந்தா இவனும் உக்காருவான். மூடியே இருக்கிற அந்த இடது கைக்குள்ள கடலைய செருகி விட்டுருவாங்க, அது தானா இறுக்கிப் பிடிச்சுக்கும், வலது கையால ஓட்ட உடைப்பான். ரெண்டு கையும் சேந்து வேலை செய்யணும்னு ஓ.டி. மேடம், அதாவது அன்றாட வேலைங்கள பழக்கி விடுற தெரபிஸ்ட், தலைபாடா அடிச்சுக்கிட்டது இதத்தான். உடைச்சதுல பாதி அவன் வாய்க்குள்ள போயிரும், அத மென்னு முழுங்குறதும் ஒரு பயிற்சிதான்னு வச்சுக்கங்க, ஆனா மூச்சுக் குழாய்க்குள்ள போயிரும்னு பயம் இருக்கிற பிள்ளைங்களுக்கு கடலை குடுக்காதீங்க, டாக்டர கேட்டுக்கங்க.

சித்திரைத் திருவிழா பத்தி சொல்லாம மதுரைக்காரி எப்படி முடிக்கிறது. ஆத்துக்குள்ள அந்தக் கூட்டத்துல வீல்சேர கொண்டு போக முடியாது, அது நெசம். அதனால மதுரைக்கு வர்ற அழகர எதிர்கொண்டு வரவேற்குற எதிர்சேவை அன்னிக்கு மூன்றுமாவடி பக்கம் எங்க பெரியம்மா வீட்டு வாசல்ல இடம் பிடிச்சிருவோம். அழகர் வேஷம் கட்டணும்னு இவன் ஒத்தக்கால்ல நின்னான், சரின்னு தலைக்கு உருமா, மஞ்சளும் சிவப்புமா உடுப்பு எல்லாம் மாமா வாங்கிட்டு வந்துட்டாரு. தண்ணி பீய்ச்சுற தோல் பைய கக்கத்துல வச்சு முழங்கையால உடம்போட அமுக்கணும், மத்த கையால குழாய் முனைய குறி பாக்கணும். இடது கைய உடம்போட ஒட்டி இறுக்கிக்கிற அந்த இறுக்கம் இருக்கு பாருங்க, வருஷம் பூரா அத தளத்தத்தான் போராடுறோம், அன்னிக்கு அதே இறுக்கம் பைய அமுக்குற வேலைய பாத்துச்சு. போற வர்றவங்க மேல எல்லாம் தண்ணி. ஒரு பெரியவர் நனைஞ்ச சட்டையோட நின்னு "நல்லா அடிடா அழகரு"ன்னு சொல்லிட்டு இன்னொரு தடவை வாங்கிட்டுப் போனாரு. யாரும் அன்னிக்கு எப்ப நடப்பான்னு கேக்கல.

இதுக்கு நேர்மாறா ஒரு ஸ்கூல்ல நடந்தது, பேர் வேண்டாம். ஆண்டு விழாவுல இவன் கிளாஸே டான்ஸ், இவனுக்கு மட்டும் மேடை ஓரத்துல பூச்செடி வேஷம் போட்டு உக்கார வச்சிட்டாங்க. எல்லாரும் கைதட்டுனாங்க, போட்டோ எடுத்தாங்க, நல்ல மனசோட செஞ்சதாத்தான் அவங்க நினைச்சாங்க. வீட்டுக்கு வந்து இவன் கேட்ட ஒரே கேள்வி "எனக்கு ஏம்மா ஸ்டெப்பு சொல்லித் தரல?" இப்ப படிக்கிற ஸ்கூல்ல பி.டி. சாரே வந்து கேட்டாரு, இவனுக்கு என்ன முடியும் என்ன முடியாது, தெரபிஸ்ட் நம்பர் குடுங்க பேசிக்கிறேன்னு. வித்தியாசம் ஒரு ஆள்தான். சட்டப்படியே 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல சி.பி.யும் 21 வகையில ஒண்ணா இருக்கு, குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாம சர்டிபிகேட் உள்ள பிள்ளைக்கு 6ல இருந்து 18 வயசு வரைக்கும் பக்கத்து ஸ்கூல்லயோ இல்ல விரும்புற ஸ்பெஷல் ஸ்கூல்லயோ இலவசமா படிக்க உரிமை இருக்கு. யுடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இன்னும் எடுக்கலேன்னா முதல்ல அத எடுங்க. தேசிய அறக்கட்டளையோட நிராமயா இன்சூரன்ஸ் வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும், தெரபிக்கும் அதுல கிடைக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல ஆபீஸ்ல சி.பி. பிள்ளைங்களுக்குன்னே தனி வீல்சேர் இருக்கு, சாதா வீல்சேர வாங்கிட்டு வந்துராதீங்க, அதுல இடுப்பும் முதுகும் நிக்காது. தென்காசி பக்கம் இருக்கிறவங்க ஆய்க்குடி அமர் சேவா சங்கம் போய்ப் பாருங்க, 1981ல ராமகிருஷ்ணன் ஐயா ஆரம்பிச்சது, கழுத்துக்குக் கீழ அசைவு இல்லாம போன மனுஷன் சக்கர நாற்காலியில இருந்துக்கிட்டே கட்டுனது. கிராமத்துல வீட்டுக்கே வந்து குடும்பத்துக்குச் சொல்லித் தர்றாங்க.

இடமும் ஆளும் எவ்வளவு முக்கியம்ங்கிறதுக்கு ஐரோப்பாவுல ஒரு பெரிய ஆய்வு இருக்கு. ஏழு நாட்டுல ஒம்பது பகுதி, 8ல இருந்து 12 வயசு, 818 பிள்ளைங்க, 2009ல வந்துச்சு. யார் எவ்வளவு கலந்துக்கிறாங்கன்னு பாத்தா, உடம்புக் குறையும் வலியும் சேந்தே அந்த வித்தியாசத்துல ஆறுல ஒரு பங்குக்கு மேல விளக்கல. அதே அளவு குறை உள்ள பிள்ளை டென்மார்க்கோட கிழக்குப் பகுதியில இருந்தா மத்த இடத்தவிட நிறைய கலந்துக்குது. பிள்ளை அதே பிள்ளைதான், ஊருதான் வேற. நம்ம ஊர்லயும் மாத்தலாம், மாத்தியிருக்காங்க. மெரினாவுல 2022 நவம்பர்ல மரப்பாதை போட்டாங்க, அடுத்த மாசமே மாண்டஸ் புயல் வந்து அடிச்சுட்டுப் போச்சு, திரும்ப சரி பண்ணாங்க. சென்னைக்குப் போனப்ப அதுல கடைசி வரைக்கும் தள்ளிட்டுப் போய் இவன் அலைய அவ்வளவு கிட்டத்துல பாத்தான், மணல்ல யாரும் தூக்கிட்டுப் போக வேண்டியதில்லாம, தன்னோட சேர்லயே.

வலின்னு சொன்னேன்ல, அத விட்டுறாதீங்க. சி.பி. உள்ளவங்கள்ல நாலுல மூணு பேருக்கு வலி இருக்குன்னு கணக்கு, நம்ம பிள்ளைங்க வாய் விட்டுச் சொல்லாது, சாப்பிட மாட்டேங்கும், வெளிய வர மாட்டேன்னு அடம் பிடிக்கும், நம்ம சோம்பேறித்தனம்னு நினைச்சுக்குவோம். முக்கியமா இடுப்பு மூட்டு. லெவல் 1ல மூட்டு விலகுறது கிட்டத்தட்ட கிடையவே கிடையாது, லெவல் 4ல பத்துல ஏழு பிள்ளைங்க, 5ல பத்துல ஒம்பது பேருக்கு விலகுது, ஆஸ்திரேலியாவுல 2006ல வந்த கணக்கு இது. வலி வர்றதுக்கு முன்னாடியே எக்ஸ்ரேயில தெரிஞ்சிரும். ஸ்வீடனோட தெற்குப் பகுதியில 1994ல ஆரம்பிச்சு, அப்புறம் நாடு முழுக்க சி.பி. பிள்ளைங்களுக்கு ஒழுங்கா எக்ஸ்ரே எடுத்து கண்காணிக்கிறாங்க, மூட்டு முழுசா கழண்டு போறத அதனால பெருமளவு தடுத்துட்டாங்க. நம்ம ஊர்ல யாரும் கூப்பிட்டு எடுக்கச் சொல்ல மாட்டாங்க, நீங்களா எலும்பு டாக்டர்கிட்ட கேட்டு எடுங்க. கலந்துக்கணும் கலந்துக்கணும்னு நான் இவ்வளவு சொல்றேன், இடுப்பு வலியோட எந்தப் பிள்ளை சந்துல உக்காந்து பவுலிங் போடும்?

வீல்சேர் பத்தி ஒரு வார்த்தை. வீல்சேர் வாங்குனா பிள்ளை சோம்பேறி ஆயிரும், நடக்காமயே போயிரும்னு பயம் நிறைய வீட்டுல இருக்கு. கிராஃப் போட்ட அந்தக் கனடா குழுவே பிள்ளைங்கள பெருசாகுற வரைக்கும் தொடர்ந்து பாத்து 2009ல சொன்னது, லெவல் 3, 4, 5ல அசைவு மார்க் ஏழு எட்டு வயசு வாக்குல உச்சத்துக்குப் போய் அப்புறம் கொஞ்சம் இறங்கலாம்னு. உயரம் கூடுது, எடை கூடுது, தசை அந்த வேகத்துக்கு வளரல. இத தெரிஞ்சு வச்சுக்கிட்டா பதினாலு வயசுல முன்னாடி மாதிரி நிக்க மாட்டேங்குறானேன்னு பிள்ளைய கோவிச்சுக்க மாட்டோம். நிக்குறதும் வேணும், வாக்கரும் வேணும், எலும்புக்கும் குடலுக்கும் நல்லது. ஆனா ஃப்ரெண்டு கூட போறதுக்கு எது வேகமோ அதுல போகட்டும். நீங்க கல்யாண வீட்டுக்கு நடந்தா போறீங்க, வண்டியிலதானே போறீங்க.

ஐரோப்பாவுல முன்னாடி சொன்ன அந்த 818 பிள்ளைங்கள்லயே 500 பேர்கிட்ட நேராவே கேட்டிருக்காங்க, உன் வாழ்க்கை எப்படி இருக்குன்னு, 2007ல வந்துச்சு. பெரும்பாலான விஷயத்துல மத்தப் பிள்ளைங்க சொல்ற அளவுக்குத்தான் இவங்களும் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. வலி இருக்கிற பிள்ளைங்கதான் கம்மியா சொன்னாங்க. இத படிச்சன்னிக்கு நான் ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

இப்ப இவனுக்கு ஒரு புது ஆசை. தெருமுனை கடைக்கு தனியா போய் தானே பேசி தானே காசு குடுத்து தேன்மிட்டாய் வாங்கணுமாம், நானும் வரக் கூடாது, அக்காவும் வரக் கூடாது, பசங்க தள்ளிட்டு வந்து வெளிய நின்னுக்கலாமாம். எங்க பிசியோ மேடம் அதையே இந்த மாச டார்கெட்டா எழுதிட்டாங்க, பர்ஸுல இருந்து பத்து ரூபா நோட்ட ரெண்டு விரலால உருவுறது, கவுண்டர் உயரத்துக்கு கைய தூக்குறது, "அண்ணே ஒரு பாக்கெட்டு"ன்னு ஒரே மூச்சுல சொல்றது. கடையில ஒத்தைப் படிதான் இடைஞ்சலா இருக்கு. இவங்க அப்பா போய் அளந்துட்டு வந்தாரு, ஏழு இன்ச்சு. கடைக்கார அண்ணன்கிட்ட கேட்டோம், "அதுக்கென்ன தங்கச்சி, எப்படியும் பாலு ட்ரே இறக்க எனக்கும் சரிவு வேணும், ஞாயித்துக்கிழமை கடை லீவுல கொத்தனார வரச் சொல்லி சிமெண்ட் போட்ருவோம், நாலு நாளு காய விடணும்"னுட்டாரு. அதுவரைக்கும் வீட்டு வாசல்லயே நான் கடைக்காரி, இவன் கஸ்டமர், தினமும் ரிகர்சல் நடக்குது.